கணினி செதுக்கும் அலைச்சறுக்குப் பலகையில் வடிவமைப்பாளருக்கு என்ன வேலை?

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்துக்கே வந்துவிட்டது. நேரலை பார்ப்பவர்கள் கூடக்கூட ஒரு குழப்பமும் கூடியிருக்கிறது. வர்ணனையாளர் வீரரின் பெயரைச் சொல்கிறார். கூடவே பலகையைச் செய்தவரின் பெயரையும் சொல்கிறார். ‘ஆறு அடி ஒரு அங்குலம், பதினெட்டே முக்கால், இருபத்தெட்டு லிட்டர்’ என்று ஏதோ மருந்துச் சீட்டு வாசிப்பது போல எண்களை அடுக்குகிறார். கிரிக்கெட்டில் சதம் அடித்தவரின் மட்டையைச் செதுக்கியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இங்கே மட்டும் ஏன்?

இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. இன்று விற்பனையாகும் பலகைகளில் பெரும்பாலானவற்றைக் கணினி இயக்கும் இயந்திரம்தான் செதுக்குகிறது. அப்படியென்றால் ‘ஷேப்பர்’ என்று அழைக்கப்படும் வடிவமைப்பாளர் எதற்குக் கூலி வாங்குகிறார்? பலகையின் நடுக்கோட்டில் பென்சிலால் போடப்படும் அவரது கையெழுத்துக்கு என்ன பொருள்?

பதில் சொல்ல, பலகை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பலகையின் ஆறு முடிவுகள்

இன்றைய பலகையின் உள்ளே இருப்பது நுரை. அச்சில் வார்த்த முரட்டு நுரைக்கட்டிக்கு ‘பிளாங்க்’ என்று பெயர். அதன் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரச் சட்டம் ‘ஸ்ட்ரிங்கர்’. நுரையைச் செதுக்கிய பிறகு கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி ரெசின் ஊற்றி இறுக வைக்கிறார்கள். நம் கடற்கரையில் ஃபைபர் படகு செய்யும் பட்டறைகளில் நாசியைத் துளைக்கும் வாசனையும் பெரும்பாலும் இதே பாலியெஸ்டர் ரெசின்தான். படகுக்கு அச்சு உண்டு; அச்சுக்குள் ஊற்றினால் வடிவம் வந்துவிடும். கஸ்டம் பலகைக்கு, அதாவது ஒருவருக்கென்று ஆர்டர் எடுத்துச் செய்யும் பலகைக்கு, அச்சு கிடையாது. ஒவ்வொரு முறையும் யாராவது வடிவத்தை முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளை ஆறாகப் பிரிக்கலாம்.

1. வெளிக்கோடு. மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவம். நீளமும் அகலமும் மட்டுமல்லாமல், மிக அகலமான இடம் நடுவில் இருக்கிறதா, மூக்குப் பக்கமா, வால் பக்கமா என்பதும் இதில் அடக்கம். வால் அகலமாக இருந்தால் சிறிய, வலுவற்ற அலையிலும் பலகை நீருக்கு மேல் எழும். வால் கூர்ந்திருந்தால் செங்குத்தான பெரிய அலையில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும்.

2. ராக்கர். பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கிலிருந்து வால்வரை தெரியும் வளைவு. தட்டையாக இருந்தால் வேகம் அதிகம், ஆனால் செங்குத்தான அலையில் இறங்கும்போது மூக்கு நீருக்குள் குத்திவிடும். வளைவு கூடினால் குறுகிய வட்டத்தில் திரும்பலாம். அதற்கு விலையாக வேகம் குறையும். அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் பலரும் வேறெதையும்விட அதிகமாகக் கவலைப்படுவது இந்த ஒரு வளைவைப் பற்றித்தான்.

3. அடிப்பரப்பு. நீளவாக்கில் லேசாகக் குழிந்திருந்தால் ‘கான்கேவ்’. இரு பக்கமும் சரிந்து நடுவில் முகடு இருந்தால் ‘வீ’. குழிவு நீரோட்டத்தைப் பிடித்து மேலெழும் விசையாக மாற்றுகிறது. வீ, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் பலகை எளிதில் சாய உதவுகிறது.

4. ரெயில். பலகையின் பக்க விளிம்பு. உருண்டையாக இருந்தால் நீர் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மேலேறும், பிடிமானம் கிடைக்கும். கீழ்ப்புறம் கூர்மையாக இருந்தால் நீர் சட்டென்று பிரிந்துவிடும், வேகம் கிடைக்கும். ஒரே பலகையில் முன்பாதி உருண்டையாகவும் வால்பகுதி கூர்மையாகவும் இருப்பது வழக்கம். உருண்டை எந்த இடத்தில் கூர்மையாக மாறுகிறது என்பதுதான் கைத்திறன்.

5. தடிமனின் பரவல். நடுவில் இரண்டரை அங்குலம் என்று எழுதியிருந்தாலும், அது மார்புக்குக் கீழே குவிந்திருக்கிறதா, விளிம்புவரை பரவியிருக்கிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

6. ஃபின். அடியில் வால்பக்கம் பொருத்தும் துடுப்புகள். எத்தனை, எங்கே, எவ்வளவு சாய்வு என்பது மட்டும் போதாது; பக்கத் துடுப்புகள் மூக்கை நோக்கி எவ்வளவு உள்வாங்கித் திரும்பியிருக்கின்றன என்பதும் கணக்கு. மூன்று துடுப்புப் பலகையில் பின்துடுப்பு வால் நுனியிலிருந்து சுமார் மூன்றரை அங்குலத்திலும், முன்துடுப்புகள் சுமார் பதினோரு அங்குலத்திலும் இருக்கும். இதைக் கால் அங்குலம் நகர்த்தினாலே தேர்ந்த வீரருக்குக் காலடியில் தெரிந்துவிடும்.

இவற்றில் ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். அடிப்பரப்பை நடுவில் குழித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்ட்ரிங்கர் ஓடும் நடுக்கோட்டில் ராக்கர் தட்டையாகிறது. விளிம்பிலோ பழைய வளைவு அப்படியே நிற்கிறது. ஆக, நேராகப் போகும்போது தட்டையான பலகையின் வேகமும், சாய்ந்து திரும்பும்போது வளைந்த பலகையின் லாவகமும் ஒரே பலகையில் கிடைக்கின்றன. அதே குழிவு அளவு மீறினால் பலகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய முரண்டு பிடிக்கும். இப்படி ஒன்றையொன்று இழுக்கும் ஆறு விஷயங்களை ஒரு குறிப்பிட்ட உடலுக்கும் ஒரு குறிப்பிட்ட கடலுக்கும் ஏற்பச் சமன்செய்வதுதான் வடிவமைப்பாளரின் வேலை. செதுக்குவது அதற்கு அடுத்து வருவது.

லிட்டர் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது

வடிவமைப்பு மென்பொருள்கள் பரவிய பிறகு, பலகையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வது வழக்கமாகிவிட்டது. வாங்குபவருக்கு இது பெரிய வசதி: உடல் எடையைச் சொன்னால் இத்தனை லிட்டர் என்று அட்டவணை பதில் சொல்லிவிடும். தேர்ந்த வீரர்களுக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். 75 கிலோ என்றால் 27, 28 லிட்டர். இடைநிலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில லிட்டர் கூடும். கற்றுக்கொள்பவர்களுக்கு அதைவிட மிக அதிகம்.

இங்கே ஒரு கணம் நின்று யோசித்தால் விநோதம் புரியும். 28 லிட்டர் பலகை, முழுவதும் மூழ்கினாலும், ஏறக்குறைய 28 கிலோ எடையைத்தான் தாங்கும். அதன் மேல் 75 கிலோ ஆள் எப்படி நிற்கிறார்? நிற்கவில்லை என்பதே பதில். அலைக்காகக் காத்திருக்கும் வீரர்களைப் பாருங்கள்: இடுப்புக்கு மேல்வரை நீரில் இருப்பார்கள், பலகை அவர்களுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும். அலை தள்ளி வேகம் எடுத்த பிறகுதான், அடிப்பரப்பில் மோதும் நீர் பலகையை மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கு விசையைத் தீர்மானிப்பவை வேகம், அகலம், ராக்கர், அடிப்பரப்பின் வடிவம். கொள்ளளவு முக்கியமாக உதவுவது கைகளால் துடுப்பிட்டு அலையைத் துரத்தும் அந்தச் சில நொடிகளில்.

ஆகவே ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே தடிமன், ஒரே லிட்டர் கொண்ட இரண்டு பலகைகள் நீரில் அண்ணன் தம்பியாகக்கூட இல்லாமல் போகலாம். அட்டவணையில் எண் பொருந்தியும் பலகை பொருந்தவில்லை என்ற புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கணிப்பு. லிட்டர் பயனற்றது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு பலகையோடு ஒப்பிட அது நல்ல அளவுகோல். தனியாக நின்றால் அது ஒன்றும் சொல்லாது.

கோடரியில் தொடங்கியது

வடிவமைப்பாளர் என்ற தனிப் பாத்திரம் எப்படி உருவானது என்று பார்த்தால் அவர் வேலையின் இயல்பு இன்னும் தெளிவாகும்.

பழைய ஹவாயில் பலகையின் வகையே சமூகப் படிநிலையைக் காட்டியது. ‘ஓலோ’ என்ற மிக நீண்ட பலகை தலைவர்களுக்கு உரியது. ‘அலையா’ என்ற மெல்லிய பலகை பரவலாக இருந்தது. எதிலும் துடுப்பு கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனலுலுவில் இருந்தவையும் தட்டையான, கனத்த மரப் பலகைகளே. செங்குத்தான அலையில் குறுக்கே போக முயன்றால் அகன்ற வால் பக்கவாட்டில் வழுக்கிவிடும்.

1930களில் ஜான் கெல்லி, ஃபிரான் ஹீத், வாலி ஃப்ராய்செத் ஆகிய இளைஞர்கள் இந்த வழுக்கலால் சலித்துப்போய், கோடரியை எடுத்துப் பலகையின் வால்பகுதியைக் குறுக்கிச் செதுக்கினார்கள். அடிப்புறம் வீ வடிவம் பெற்றது. பலகை அலையைப் பிடித்துக்கொண்டது. ‘ஹாட் கர்ல்’ என்று பின்னர் பெயர் பெற்ற வடிவம் அதுதான். அவர்கள் செய்தது இன்று வரை வடிவமைப்பாளர் செய்வதேதான்: நீரில் ஏற்பட்ட ஒரு தொல்லையை, பலகையின் ஒரு வளைவோடு தொடர்புபடுத்தி, அந்த வளைவை மாற்றுவது. ஏறக்குறைய அதே காலத்தில் டாம் பிளேக் வேறு வழியில் போனார். உள்ளீடற்ற பலகைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். 1935இல் பலகையின் அடியில் ஒரு துடுப்பைப் பொருத்திப் பார்த்தார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியாவில் பொருள்கள் மாறின. பொறியியல் படித்த பாப் சிம்மன்ஸ், பால்சா மரம், பாலிஸ்டைரீன் நுரை, கண்ணாடி இழை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். வேகப் படகுகள் நீருக்கு மேல் எழும் விதியைப் பலகைக்குக் கொண்டுவந்தார். 1954இல் விண்டன்சீ கடற்கரையில் அலையில் இறந்துபோனார். 1958 வாக்கில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரிதேன் நுரையைப் பலகைக்கு ஏற்றதாக்கினார்கள். இதன் விளைவு பெரிது. மரத்தைச் செதுக்கத் தச்சரின் பொறுமை வேண்டும். நுரையோ மின் இழைப்புளிக்குச் சில மணி நேரத்தில் பணிந்துவிடும். பிழை செய்தாலும் இழப்பு குறைவு. சோதனை மலிவானதும் வடிவங்கள் வேகமாக மாறத் தொடங்கின. 1967ஐ ஒட்டி, ஆஸ்திரேலியாவில் பாப் மெக்டாவிஷும் ஹவாயில் டிக் பிரூவரும் பலகையின் நீளத்தை வெட்டிக் குறைத்தது இந்த நுரை இல்லாமல் அவ்வளவு விரைவில் நடந்திருக்காது.

ஆனால் இந்தக் கதையில் நமக்கு மிகவும் உதவக்கூடியவர் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன். 1970களின் இறுதியில் இரட்டைத் துடுப்புப் பலகைதான் அரசன். அதை வைத்து மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை வென்றார். ரிச்சர்ட்ஸும் தன் பலகையைத் தானே செதுக்கியவர். ஆண்டர்சனோ ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற கனமும் கொண்டவர். அவர் காலின் அழுத்தத்தில் இரட்டைத் துடுப்பு நழுவியது. 1980 அக்டோபரில், சக வடிவமைப்பாளர் ஒருவரின் இரட்டைத் துடுப்புப் பலகையில் பின்னால் ஒரு சிறு துடுப்பு கூடுதலாக இருந்ததைப் பார்த்தார். அதைப் பெரிதாக்கி, மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி ஒரு பலகை செய்தார். ‘த்ரஸ்டர்’ பிறந்தது. 1981இல் பெல்ஸ் பீச் போட்டியில் மிகப்பெரிய அலைகளில் அதை ஓட்டி வென்றார். இன்று உலகப் போட்டிகளில் நாம் பார்க்கும் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று துடுப்புதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, உலக சாம்பியனின் பலகை சரியில்லை என்பதல்ல. அது வேறொருவரின் உடலுக்குச் சரியில்லை என்பது. கஸ்டம் பலகை என்ற தொழிலின் நியாயம் முழுவதும் அந்த வேறுபாட்டில் நிற்கிறது.

ஆர்டர் படிவத்துக்கும் பலகைக்கும் நடுவே

கஸ்டம் பலகை கேட்டு வருபவர் பொதுவாக ஒரு படிவத்தை நிரப்புகிறார்: உயரம், எடை, வயது, எத்தனை ஆண்டு அனுபவம், எந்தக் கடற்கரை, இப்போது வைத்திருக்கும் பலகையின் அளவுகள். நல்ல வடிவமைப்பாளர் இந்தப் படிவத்தை முழுமையாக நம்புவதில்லை. மனிதர்கள் தங்கள் எடையைக் குறைத்தும் திறமையைக் கூட்டியும் சொல்வார்கள். வாரம் ஒருமுறை இடுப்பளவு அலையில் இறங்குபவர், காணொளியில் பார்த்த வீரரின் பலகையைக் கேட்பார். கேட்டதை அப்படியே செய்து கொடுத்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். மாற்றிச் செய்தால் ‘நான் கேட்டது இதல்ல’ என்பார். இந்த இழுபறியில்தான் வடிவமைப்பாளர்கள் நரைக்கிறார்கள்.

அதனால் ‘எந்த அளவு வேண்டும்’ என்பதைவிட ‘இப்போதுள்ள பலகையில் என்ன தொல்லை’ என்ற கேள்வி பயன் தருகிறது. ஆனால் புகாரிலிருந்து காரணத்துக்கு ஒரே வழி இருப்பதில்லை. ‘பலகை விறைப்பாக இருக்கிறது, திரும்ப மாட்டேன் என்கிறது’ என்ற மிகச் சாதாரணப் புகாரை எடுத்துக்கொள்வோம். காரணம் இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்:

1. வால்பகுதியில் ராக்கர் போதவில்லை. பலகை நேர்க்கோட்டை விட்டு வர மறுக்கிறது.
2. வாலின் அருகே ரெயில் தடித்திருக்கிறது. இந்த எடைக்கு அதை நீரில் அமிழ்த்த முடியவில்லை.
3. துடுப்புகள் பெரியவை, அல்லது மிகவும் பின்னால் இருக்கின்றன.
4. வெளிக்கோடு இணைகோடுகள் போல நீண்டிருக்கிறது. வளைவு எங்கும் இல்லை.
5. ஓட்டுபவரின் பின்கால் துடுப்புகளுக்கு மேலே இல்லாமல் ஓரடி முன்னால் நிற்கிறது. இதற்குப் பலகை பொறுப்பல்ல.

மூன்றாவது என்றால் புதிய பலகையே தேவையில்லை, துடுப்பை மாற்றினால் போதும். ஐந்தாவது என்றால் இரண்டு வழிகள்: பயிற்சி, அல்லது அவர் நிற்கும் இடத்துக்கேற்பத் துடுப்புகளையும் அகலத்தையும் முன்னால் கொண்டுவருவது. எது என்று தெரிய அவர் அலையில் போவதை வடிவமைப்பாளர் பார்க்க வேண்டும். உள்ளூர் வடிவமைப்பாளருக்கு மதிப்பு இருப்பதற்கு இதுவே காரணம். அவருக்கு அந்தக் கடற்கரையின் அலையும் தெரியும், அங்கே வருபவர்களின் கால் வைப்பும் தெரியும்.

உச்சத்தில் இருக்கும் வீரர்களிடம் இந்த உறவு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 1969இல் சேனல் ஐலண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அல் மெரிக், அதே ஊர்க்காரரான டாம் கரனுக்குப் பலகை செய்தார். கரன் 1985, 1986, 1990 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன். பின்னர் பலமுறை உலக சாம்பியனான கெல்லி ஸ்லேட்டரின் பலகைகளும் மெரிக்கிடமிருந்து வந்தன. இத்தகைய வீரர்கள் ஒரே ஆண்டில் டஜன் கணக்கில் பலகைகளை ஓட்டிப் பார்ப்பவர்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் அவர்கள் சொல்லும் வாசகம் அடுத்ததில் பதினாறில் ஒரு பங்கு அங்குலமாக மாறுகிறது. சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் மாடல்களில் பல, முதலில் யாரோ ஒரு வீரருக்குச் செய்த பலகையிலிருந்து தளர்த்தி எடுக்கப்பட்டவை.

இயந்திரம் வந்த பிறகு

கையால் செதுக்கும் அறையைப் பார்த்தவர்களுக்கு அதன் வெளிச்சம் மறக்காது. சுவர்களுக்கு அடர்நிறம் பூசியிருப்பார்கள். குழல்விளக்குகள் கூரையில் இல்லாமல் இரு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் வெள்ளை நுரையில் மயிரிழை மேடு பள்ளமும் நிழலாகத் தெரியும். கருவிகள் எளியவை: மின் இழைப்புளி, அரம், உப்புத்தாள், வெளிக்கோட்டு வார்ப்புரு. கண்ணுக்குத்தான் பயிற்சி.

பிரான்சின் மிஷெல் பார்லாந்து 1980 வாக்கில் கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரத்தை உருவாக்கினார். 1990களிலும் 2000க்குப் பிறகும் அது எங்கும் பரவியது. இப்போது வடிவமைப்பாளர் ஷேப்3டி, அக்கு ஷேப்பர் போன்ற மென்பொருளில் வளைவுகளை வரைகிறார். இயந்திரம் பிளாங்கை அரை மணி நேரத்துக்குள் வெட்டித் தள்ளுகிறது. வெட்டிய பலகையில் கோடு கோடாக வரப்புகள் நிற்கும். அவற்றைக் கையால் தேய்த்து, ரெயிலின் விளிம்பைத் திருத்தி, மூக்கையும் வாலையும் முடித்தால் பலகை தயார்.

‘இயந்திரம் கலையைக் கொன்றுவிட்டது’ என்று புலம்புபவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுகூட இல்லை. கைவேலைக் காலத்தின் பெரிய சோகம் என்னவென்றால், ஒரு பலகை அதிசயமாக அமைந்துவிட்டால் அதை மறுபடி செய்ய முடியாது. செய்தவருக்கே அது ஏன் நன்றாக இருந்தது என்று தெரியாது. ராக்கர் காரணமா, அன்று கை சற்று அழுந்தியதால் ரெயில் மெலிந்ததா? அடுத்த பலகையில் ஒன்றை மாற்ற நினைத்தால் கை தன்னையறியாமல் மூன்றை மாற்றிவிடும். வளைவுகளைச் சேமித்து வைக்கும் கணினிக் கோப்பு வந்ததும் நிலைமை மாறியது. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு வால் ராக்கரை மட்டும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் உயர்த்தி, இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கலாம். வடிவமைப்பாளர் முதன்முறையாக உண்மையான சோதனை செய்ய முடிந்தது அப்போதுதான்.

இயந்திரம் செய்ய முடியாதவை வேறு:

1. அளவு மாற்றத்தின் பொறி. ஆறடிப் பலகையின் கோப்பை ஏழடிக்கு இழுத்தால் மென்பொருள் உடனே இழுத்துக் கொடுக்கும். ஆனால் ராக்கரும் அதே விகிதத்தில் உயர்ந்தால் போதுமா, ரெயில் அதே விகிதத்தில் தடித்தால் அதைப் பிடிக்கும் கால் அழுத்தம் அந்த ஆளுக்கு இருக்கிறதா என்பதை மென்பொருள் கேட்காது. பெரிய உடலுக்கான பலகை என்பது சிறியதன் உருப்பெருக்கம் அல்ல. அப்படி நினைத்துக் கோப்பை இழுப்பவர்களிடமிருந்துதான் கட்டுமரம் போல ஓடும் ஏழடிப் பலகைகள் வருகின்றன.

2. நுரையின் குணம். அச்சில் வார்த்த பாலியூரிதேன் பிளாங்க் எங்கும் ஒரே அடர்த்தியாக இருப்பதில்லை. மேற்பரப்புக்கு அருகே உறுதியாகவும் மையத்தில் மென்மையாகவும் இருக்கும். ஆழமாக வெட்டினால் மென்மையான பகுதி வெளியே வந்து, காலின் அழுத்தத்தில் பலகை குழிந்துவிடும். எனவே தான் வரைந்த வளைவுக்கு மிக நெருக்கமான பிளாங்கைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

3. பொருளும் வடிவமும் சேரும் இடம். பாலிஸ்டைரீன் நுரையைப் பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும். அதற்கு எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின்தான் வேண்டும். பாலிஸ்டைரீன், எபாக்ஸி கூட்டு இலேசானது, நீரில் சற்று அதிகம் மிதக்கும். பாலியூரிதேனுக்கு வரைந்த கோப்பை அப்படியே இதில் வெட்டினால் காற்றடிக்கும் நாளில் பலகை நீரின் மேல் தத்தளிக்கும் என்று பலரும் குறைப்படுவார்கள். தடிமனைக் கொஞ்சம் குறைத்தாக வேண்டும்.

நுரையின் அதிகாரம் எவ்வளவு என்பது 2005 டிசம்பர் 5 அன்று தெரிந்தது. அமெரிக்கப் பலகைகளில் மிகப் பெரும்பகுதிக்கு பிளாங்க் கொடுத்துவந்த கிளார்க் ஃபோம் எந்த முன்னறிவிப்பும் இன்றி மூடப்பட்டது. டொலுவீன் டைஐசோசயனேட் என்ற நச்சுப் பொருளைக் கையாள்வது, சுற்றுச்சூழல் விதிகள், வழக்குகளின் அபாயம் ஆகியவற்றைக் காரணம் காட்டினார் உரிமையாளர் கோர்டன் கிளார்க். அச்சுகளும் அழிக்கப்பட்டன. அந்த அச்சுகளில் பல, பெயர் பெற்ற வடிவமைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் திருத்திய ராக்கர்களைச் சுமந்தவை. வடிவமைப்பாளர்கள் தங்கள் கைத்திறன் என்று நினைத்ததில் ஒரு பங்கு கிளார்க்கின் அச்சில் இருந்தது என்பது ஒரே நாளில் அம்பலமானது.

கையெழுத்து யாருடையது?

பலகையில் ஒட்டியிருக்கும் முத்திரையின் பெயரும் அதை உண்மையில் முடித்த கையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. பெயர் பெற்ற வடிவமைப்பாளருக்காக வேறொருவர் பெயர் தெரியாமல் செதுக்குவது நுரைக் காலத்தின் தொடக்கத்திலிருந்தே உள்ள வழக்கம். அவரை ‘கோஸ்ட் ஷேப்பர்’ என்பார்கள். இன்று கலிபோர்னியாவில் வரைந்த கோப்பு ஆஸ்திரேலியாவிலோ ஐரோப்பாவிலோ வெட்டப்படுகிறது. தாய்லாந்தின் கோப்ரா தொழிற்சாலை பல நிறுவனங்களின் பெயரில் அச்சில் வார்த்த பலகைகளைத் தயாரிக்கிறது. மெரிக்கின் சேனல் ஐலண்ட்ஸை 2006இல் பனிச்சறுக்குப் பலகை நிறுவனமான பர்ட்டன் வாங்கியபோது, விலை கொடுக்கப்பட்டது பெரும்பாலும் கோப்புகளுக்கும் பெயருக்கும்தான்.

வளைவுக்குச் சொந்தம் கொண்டாடுவது கடினம். ஆண்டர்சன் த்ரஸ்டருக்குக் காப்புரிமை பெறவில்லை. உலகமே அதை நகலெடுத்தது. வார்ப்புருவை வைத்து நகலெடுத்த காலத்தில் நகலுக்கு உழைப்பாவது தேவைப்பட்டது. இப்போது ஒரு கோப்பு கைமாறினால் போதும். அதனால் வடிவமைப்பாளர்கள் கோப்பைப் பூட்டி வைக்கிறார்கள், நம்பிக்கையான வெட்டுக்கூடத்துக்கு மட்டும் அனுப்புகிறார்கள். பூட்டிய கோப்பாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: விற்ற பலகையை ஒருவர் வாங்கி முப்பரிமாணத்தில் அளந்துவிடலாம்.

ஆகவே பணம் கொடுப்பவர் கேட்க வேண்டியது ‘கையால் செய்ததா?’ என்பதல்ல. என் புகாரைக் கேட்டவரும், வளைவை மாற்றியவரும், பலகை சரியில்லை என்று திரும்பி வந்தால் பதில் சொல்லப் போகிறவரும் ஒரே ஆளா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் வெட்டியது எந்த இயந்திரமாக இருந்தாலும் அது கஸ்டம் பலகை. இல்லை என்றால், விரும்பிய வண்ணம் பூசிய கடைப் பலகைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

யாருக்குத் தேவை?

கற்றுக்கொள்ளத் தொடங்கியவருக்குக் கஸ்டம் பலகை தேவையில்லை. மென்மேற்பரப்பு கொண்ட பெரிய பயிற்சிப் பலகை போதும். அவருடைய புகார்கள் இன்னும் பலகையைப் பற்றியவை அல்ல. தனக்குப் பிடித்த ஒரு பலகை இருந்து, அதில் என்ன குறை என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறவருக்குத்தான் வடிவமைப்பாளர் உதவ முடியும்.

தமிழகக் கரையில் ஆர்டர் கொடுப்பவர் கவனிக்க வேண்டிய சில உள்ளன. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஆண்டின் பெரும்பகுதி அலை சிறியது. அதற்கு அகன்ற வாலும் தட்டையான ராக்கரும் பொருந்தும். டஹிட்டித் தீவில் குழாய்போல் சுருண்டு விழும் அலைக்கு வரைந்த பலகை இங்கே அசையாது. நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர்நாட்டு வீரர்கள் அணியும் தடித்த ரப்பர் உடை நனைந்தால் சில கிலோ கூடும். அவர்களுடைய லிட்டர் கணக்கில் அந்த எடையும் இருக்கிறது. அதே அட்டவணையை இங்கே பின்பற்றினால் பலகை தேவைக்கு மேல் தடித்துவிடும். வெயிலும் கணக்கில் வர வேண்டும். அடர்நிறப் பலகை சூடேறும்போது உள்ளே காற்று விரிந்து, கண்ணாடி இழை நுரையை விட்டுப் பிரியும். பாலிஸ்டைரீன் பலகையில் இது இன்னும் விரைவாக நடக்கும். வெள்ளை அல்லது வெளிர்நிறம் கேட்பது நல்லது.

இன்னொரு புதிய கேள்வியும் இப்போது ஆர்டரில் சேர்ந்திருக்கிறது: கடலா, குளமா? கெல்லி ஸ்லேட்டரின் நிறுவனம் 2015இல் கலிபோர்னியாவின் லெமூர் என்ற உள்நாட்டு ஊரில் செயற்கை அலைக்குளத்தை வெளிப்படுத்தியது முதல், பல நாடுகளில் இத்தகைய குளங்கள் வந்துவிட்டன. வடிவமைப்பாளருக்கு இது வரம். கடலில் இரண்டு அலைகள் ஒன்றுபோல் வருவதில்லை என்பதால், நன்றாகப் போனது பலகையா அலையா என்று பிரிக்க முடியாமல் இருந்தது. குளத்தில் அதே அலை மீண்டும் மீண்டும் வரும். ஆனால் குளத்தில் இருப்பது பெரும்பாலும் நன்னீர். கடல்நீரைவிட அடர்த்தி சுமார் இரண்டரை விழுக்காடு குறைவு. 28 லிட்டர் பலகை அங்கே முக்கால் கிலோ அளவுக்குக் குறைவாக மிதக்கும். அதன் மேல் படுத்திருக்கும் உடலும் அப்படியே. அதற்காகக் குளத்துக்கென்று ஆர்டர் கொடுப்பவர்களின் பலகையில் வடிவமைப்பாளர்கள் கொள்ளளவைச் சற்றுக் கூட்டுகிறார்கள், பெரும்பாலும் மார்புக்குக் கீழே.